நடுவயதும் இடைப் பருமனும்

(சங்க மண்டபத்தில் நடைபெற்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

ஆண்டு விழா மேடையில் சமயமோ இலக்கியமோ பேசுவது எமது வழக்கம். இம்முறை செயலாளர் வந்து, "ஐயா, தேக சுகத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கோ" என்று கேட்டபோது நாம் தயங்கினோம். நாம் வைத்தியர் அல்லோம். தேகப்பயிற்சி ஆசிரியரும் அல்லோம். முப்பது வருடம் வகுப்பறையிற் கணக்குப் படிப்பித்தோம், அவ்வளவே. ஆயினும் இப்பொருளிற் பேச எமக்கு ஒரு தகுதி உண்டு. 49ஆவது வயதில் எமது இடைச் சுற்றளவு 39 அங்குலம். இன்று 35 அங்குலம். அந்த நாலு அங்குலம் எப்படி வந்தது, எப்படிப் போயிற்று என்பதைக் கணக்கு வாத்தியாராகவே சொல்ல விரும்புகின்றோம்.

எங்கள் ஊர்ச் சந்தையடியிலே ஒரு தையற்காரர் இருக்கின்றார். அவரிடம் ஒரு பழைய கொப்பி உண்டு. வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் அளவும், அளவெடுத்த வருடமும் அதில் இருக்கும். ஒருநாள் நீளக் காற்சட்டை தைக்கக் கொடுக்கப் போனபோது அவர் அந்தக் கொப்பியை எமக்கு முன்னே விரித்து, "மாஸ்ரர், கோவிக்காதேயுங்கோ. நீங்களே ஒருக்கால் பாருங்கோ" என்றார். பார்த்தோம். 28 வயதில் 30 அங்குலம். 35 வயதில் 33. 42 வயதில் 36. 49 வயதில் 39. நாம் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்த கூட்டல் விருத்தி, எமது இடுப்பிலேயே எழுதப்பட்டிருந்தது.

பக்கத்தைப் புரட்டியபோது அடுத்த தாளில் எம் தமையனாரின் பெயர் இருந்தது. கடைசி அளவு 43. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அவர் தமது 53ஆவது வயதில் மாரடைப்பினாற் காலமாகி அப்பொழுது எட்டு மாதம். வாலிப வயதில் இச்சங்கத்துக்காகக் கயிறிழுத்தவர் அவர். பிற்காலத்தில் அவருடைய வண்டியைப் பார்த்து, "அண்ணருக்கு நல்ல காலம்" என்று நாமெல்லாம் பகிடி பண்ணினோம். அவரும் தடவிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பில் எமக்கும் பங்கு உண்டென்பதை அன்று அந்தத் தையற்கடை வாங்கில் இருந்துதான் உணர்ந்தோம். அடுத்த கிழமை இரத்தம் சோதித்தோம். வெறுவயிற்றிற் சீனி 118. நூறுக்குக் கீழே இருக்கவேண்டியது. 126 ஆனால் நீரிழிவு. நாம் நடுவழியில் நின்றோம்.

இக்காலத்தில் வயிறு வைத்தவரைக் கண்டால் வசதியுள்ளவர் என்று எண்ணும் வழக்கம் குறைந்துவிட்டது. ஆனால் "வயது போனால் எல்லாருக்கும் வாறதுதானே" என்னும் ஆறுதல் மட்டும் குறையவில்லை. இந்த ஆறுதலைத்தான் நாம் இன்று முதலில் விசாரிக்க வேண்டும்.

வயிற்றிலே கொழுப்பு இரண்டு இடங்களிற் சேர்கின்றது. ஒன்று, தோலுக்குக் கீழே. விரலாற் கிள்ளிப் பிடிக்கக் கூடியது. மற்றது, தசைச் சுவருக்கு உள்ளே, குடலையும் ஈரலையும் சூழ்ந்து கிடப்பது. கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டாவதே பொல்லாதது. இதிலிருந்து கசியும் கொழுப்பமிலங்கள் நேரே ஈரலுக்குட் செல்கின்றன. இன்சுலினுக்கு உடல் இணங்காமற் போதல், இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், ஈரலிற் கொழுப்புப் படிதல் என்பன இதனோடு கூடி வருகின்றன. தென்னாசியராகிய எமக்கு இதிலே ஒரு தனிச் சுமை உண்டு. ஒரே உயரமும் ஒரே நிறையும் உள்ள ஓர் ஐரோப்பியரிலும் பார்க்க எமது உடம்பிற் கொழுப்புக் கூடுதல். அதுவும் வயிற்றிலே கூடுதல். அதனாலேதான் ஐரோப்பிய ஆண்களுக்கு 94 சென்ரிமீற்றர் வரை விடப்படும் எல்லை, எம்மவருக்கு 90 சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய 35½ அங்குலம் என்று வைக்கப்பட்டுள்ளது. பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், அதாவது 31½ அங்குலம். கை கால் மெலிந்து வயிறு மாத்திரம் முன்னே நிற்கும் உருவம் எங்கள் ஊரிற் புதிதன்று. "நான் மெலிஞ்ச ஆள்தானே" என்று அப்படிப்பட்டவர் ஏமாறக்கூடாது.

தராசும் வேண்டாம், அளவுநாடாவும் வேண்டாம். வீட்டுக்குப் போனதும் ஒரு நூலை எடுங்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை உங்கள் உயரத்துக்கு அதை வெட்டுங்கள். பின் இரண்டாக மடியுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவிலே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், வயிற்றை உள்ளே இழுக்காமல் அந்த மடித்த நூலைச் சுற்றுங்கள். இரண்டு முனையும் சந்தித்தால் நல்லது. சந்திக்காவிட்டால் உங்கள் இடை உங்கள் உயரத்தின் அரைவாசியைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தின் சுகாதார வழிகாட்டிகள் 2022ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குச் சொன்ன எளிய அளவும் இதுவே. எங்கள் முன்னோர் குழந்தைக்கு அரைநாண் கட்டியது எதற்காகவோ நாம் அறியோம். ஆனால் அது இறுகும்போது உடம்பு ஒரு செய்தி சொல்கின்றது. வேட்டிக்கும் சாரத்துக்கும் சேலைக்கும் அளவில்லை. அவை எந்த வயிற்றையும் மன்னித்துச் சுற்றி வரும். நூல் மன்னிக்காது.

இனி, இது வயதினால் வருவதா? நடுவயதில் உடம்பின் அடுப்பு அணைந்து விடுகின்றது என்றுதான் நாமும் நம்பியிருந்தோம். 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கு மேற்பட்டோரின் உடற் செலவை அளந்து 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று வேறு விதமாகக் கூறுகின்றது. உடம்பின் பருமனையும் தசையையும் கணக்கில் எடுத்தபின் பார்த்தால், 20 வயது முதல் 60 வயது வரை அந்த அடுப்பு ஏறக்குறைய ஒரே அளவில் எரிகின்றது. அப்படியானால் மாறியது எது? முதலாவது, தசை. முப்பது வயதின்பின் பயன்படுத்தாத தசை பத்தாண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 வரை தேய்கின்றது. இரண்டாவது, எமது நாள்.

அந்த நாளை நினைத்துப் பாருங்கள். எம் பாட்டனார் துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்தார். இன்று ஒரு விசையைத் தட்டினால் மோட்டார் இறைக்கின்றது. எம் பாட்டியார் உரலில் மா இடித்தார், அம்மியில் அரைத்தார், திருவலையிலே குந்தித் தேங்காய் துருவினார். நாம் வாலிபராய் இருந்தபோது சைக்கிளில் எட்டு மைல் போய்ப் படித்தோம். இன்று நாலு வீடு தள்ளியுள்ள கடைக்கு மோட்டார் சைக்கிள் எடுக்கின்றோம். துலா மிதித்த காலத்துச் சோற்றுக் கோப்பை மாத்திரம் அப்படியே எமக்கு முன்னே இருக்கின்றது. வேலை போயிற்று, அந்த வேலைக்குரிய சாப்பாடு போகவில்லை. கணக்கு இவ்வளவுதான்.

இதற்கு இலண்டன் நகரத்திலே ஒரு நல்ல சான்று உண்டு. அங்கே அக்காலத்து இரட்டைத் தட்டு பஸ்களில் சாரதி நாள் முழுதும் இருந்தே வேலை செய்தார்; நடத்துநர் படியேறி இறங்கிக்கொண்டே இருந்தார். ஜெரி மொறிஸ் என்னும் வைத்திய அறிஞர் 1953ஆம் ஆண்டில் இவ்விரு பகுதியினரையும் ஒப்பிட்டு, நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாயிருப்பதை எடுத்துக் காட்டினார். பின்னர் 1956ஆம் ஆண்டில் அவர்களுடைய சீருடை அளவுகளையும் ஆராய்ந்தார். ஒரே வயதும் ஒரே உயரமும் உள்ளவர்களிலே சாரதிகளின் காற்சட்டை இடுப்பே பெரிதாயிருந்தது. எங்கள் சந்தைத் தையற்காரரின் கொப்பியும் அந்த இலண்டன் பதிவேடும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன.

வந்த வழி தெரிந்தால் போக்கும் வழியும் தெரியும். ஆனால் நாம் முதலிற் பிழையான வழிகளிலேயே போனோம். காலையில் ஐம்பது, மாலையில் ஐம்பது என்று மல்லாந்து படுத்து எழும்பும் பயிற்சி செய்தோம். இரண்டு மாதம் முடிய முதுகு நொந்தது. இடுப்பு நூலளவும் குறையவில்லை. பிறகுதான் படித்தோம், வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசையைப் பலப்படுத்துமேயன்றி அதன் மேலுள்ள கொழுப்பைத் தனியாகக் கரைக்காதென்று. ரென்னிஸ் வீரரின் பந்தடிக்கும் கை மற்றக் கையிலும் பருத்திருக்கும். ஆனால் தோலின் கீழுள்ள கொழுப்பு இரு கையிலும் ஒன்றேயென்று 1971ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டினார்கள். ஆறு கிழமை வயிற்றுப் பயிற்சி மாத்திரம் செய்வித்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்விலும் வயிற்றுக் கொழுப்புக் குறையவில்லை. எவ்விடத்துக் கொழுப்பை எடுப்பதென்று உடம்புதான் தீர்மானிக்கின்றது. இடுப்பைச் சுற்றும் பட்டிகளும், கரைக்கும் எண்ணெய்களும் பணத்தையே கரைக்கும்.

இரண்டாவது பிழை, பட்டினி. ஐந்து நாள் பழமும் தண்ணீருமாய் இருந்தோம். ஆறாம் நாள் மச்சாள் வீட்டுக் கலியாணம். ஐந்து நாட் கடனையும் ஒரே பந்தியில் வட்டியோடு தீர்த்தோம். கடும் பட்டினியிலே நீரும் தசையும் சேர்ந்து போகின்றன. திரும்பி வருவதோ பெரும்பாலும் கொழுப்பு. விரத காலத்துக்கும் இது பொருந்தும். பகலெல்லாம் வெறுவயிறாய் இருந்து பாறணையிலே வடையும் மோதகமும் பாயசமும் மிஞ்சினால் மனத்துக்கு விரதமாகலாம். வயிற்றுக்கு அது விருந்தே.

நல்ல செய்தி என்னவெனில், பிடிவாதமானது என்று நாம் சொல்லும் இந்த உட்கொழுப்பு, வழி சரியானாற் பெரும்பாலும் முதலிலேயே இளகுகின்றது. நிறை சிறிது குறையும்போதே அது கூடிய விகிதத்திற் குறைகின்றது. நிறை குறையாத வேளையிலும் ஒழுங்கான நடையினால் அது குறையலாம். ஆகவே தராசு முள்ளைப் பார்த்து மனம் சோராமல், மாதத்துக்கு ஒருமுறை நூலைப் பாருங்கள்.

உணவுக்கு வருவோம். முதலாவது, தேநீர். நாளொன்றுக்கு ஐந்து தேநீர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி. ஒரு கரண்டி 4 கிராம் என்றால் 40 கிராம். அது 160 கலோரி. வருடத்துக்கு 58,400 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. கடதாசிக் கணக்கிலே வருடத்துக்கு ஏழரைக் கிலோ. உடம்பு கடதாசி அன்று. நிறை குறையக் குறையச் செலவும் குறைவதால் அவ்வளவும் இறங்கிவிடாது. ஆயினும் எப்பக்கம் போகவேண்டுமென்பது தெளிவு. உலக சுகாதார நிறுவனம், சேர்க்கும் சீனியை நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஆறு கரண்டிக்குள் வைப்பது நலமென 2015ஆம் ஆண்டில் எடுத்துரைத்தது. நாம் மாதத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தோம். நாலு மாதத்தில் வெறுந்தேநீர் பழகிவிட்டது. இன்று எவராவது சீனி போட்டுத் தந்தால் எமக்குத் திகட்டுகின்றது.

இரண்டாவது, சோறு. சோறு எமக்குப் பகையன்று. கோப்பையிலே அதன் இடம்தான் பெரிது. நாம் கோப்பையை மூன்றாகப் பிரித்தோம். அரைவாசிக்கு மரக்கறியும் கீரையும்: முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, புடோல், பாகல், கத்தரி. காற்பங்குக்குப் பருப்பு, பயறு, கடலை, கௌபி, தயிர்; மச்சம் உண்பவர்களுக்கு மீன். மிகுந்த காற்பங்கே சோற்றுக்கு. புரதமும் நாரும் வயிற்றில் நின்று பசி தாங்கும். புரதம் தசையையும் காக்கும். வெள்ளை அரிசிக்குப் பதில் தவிடு போகாத சிவப்பரிசியும் குரக்கனும் மெல்லச் சமிக்கும். ஆனால் குரக்கன் பிட்டென்பதனால் இரண்டு குழல் சாப்பிடலாம் என்று எண்ணவேண்டாம். பிட்டு, இடியப்பம், பாண் எல்லாம் மாச்சத்தே. மூன்று நேரமும் அதுவே நிறைவதுதான் எங்கள் யாழ்ப்பாணச் சாப்பாட்டின் குறை. சொதிக்கு முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் வைக்கலாம். பொரியலைக் கிழமைக்கு ஒருநாள் ஆக்கலாம்.

மூன்றாவது, நாலுமணிப் பலகாரம். வடை, றோல்ஸ், பணிஸ், மிக்சர். சாப்பாட்டுக் கணக்கில் எவரும் இதைச் சேர்ப்பதில்லை, உடம்பு சேர்த்துக்கொள்கின்றது. அவித்த கடலையும் ஒரு கொய்யாவும் போதும். மதுவும் அப்படியே, ஒரு கிராம் மதுசாரம் 7 கலோரி, கூட வரும் பொரியல் தனி.

இவை எல்லாவற்றிலும் கடினமான பயிற்சி ஒன்று உண்டு. அது ஒரு சொல். "இஞ்சாருங்கோ, இன்னும் கொஞ்சம் போடட்டே?" என்று அகப்பையோடு எம் இல்லத்தரசியார் நிற்கும்போது, "காணும்" என்று சொல்வது. எங்கள் ஊரிலே அன்பு அகப்பையால் அளக்கப்படுகின்றது. மறுப்பது அன்பை மறுப்பதாகத் தோன்றும். முதற் கிழமை அவர் முகம் வாடியது. ஒருநாள் தமையனாரின் கடைசி அளவு எழுதிய அந்தக் கொப்பியைப் பற்றிச் சொன்னோம். அன்று தொட்டு அவரே எமக்கு முன்னே கீரையை முதலில் வைக்கத் தொடங்கினார். திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயர். ஆனால் அதன் குறள்களிற் பெரும்பாலானவை பேசுவது அளவறிந்தும், முன் உண்டது செரித்தபின்னும் உண்பதைப் பற்றியே. 'காணும்' என்ற சொல்லும் அந்த மருந்தைச் சேர்ந்ததே.

இனிப் பயிற்சி. கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வகுத்துள்ளது. நாளுக்கு அரைமணி நடை, கிழமைக்கு ஐந்து நாள். பேச முடியவேண்டும், பாட முடியாமல் இருக்கவேண்டும். அதுவே சரியான வேகம். 70 கிலோ நிறையுள்ளவர் அந்த அரைமணியிற் செலவழிப்பது 130 கலோரி அளவே. ஒரு பணிசும் ஒரு இனிப்புத் தேநீரும் அதை விழுங்கிவிடும். ஆகவே நடையை நம்பிச் சாப்பிடலாகாது. ஆனால் உட்கொழுப்பைக் கரைப்பதிலும், குறைந்த இடை திரும்பப் பெருக்காமற் காப்பதிலும் நடைக்கு நிகரில்லை.

தசைப் பயிற்சிக்கு இரும்புக் குண்டு தேவையில்லை. முப்பது வருடம் மாணவருக்குத் தண்டனையாகக் கொடுத்த தோப்புக்கரணத்தை நாமே எமக்குக் கொடுத்தோம். தொடையும் பிட்டமும் உடம்பின் பெருந் தசைகள். அவை வேலை செய்தால் இரத்தச் சீனியை அவையே வாங்கிக்கொள்ளும். முழங்கால் நோவுள்ளவர்கள் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருக்கலாம். சுவரிற் கை ஊன்றித் தள்ளலாம். இரண்டு கையிலும் தண்ணீர் வாளி தூக்கலாம். முதலிற் பத்து, பிறகு இருபது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மாதவிடாய் நிற்கும் காலத்தின்பின் கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுகின்றது. அது உங்கள் குற்றமன்று. ஆனால் பிள்ளைகள் விட்ட மிச்சத்தை "வீணாப் போகப்படாது" என்று வாயிற் போடுவதை நிறுத்துங்கள். உங்கள் வயிறு குப்பைத் தொட்டியன்று. ஆண்கள் செய்யவேண்டியதும் உண்டு: மாலையில் அரைமணி நேரம் அடுப்படியை ஏற்றுக்கொண்டு அவர்களை நடக்க அனுப்புங்கள்.

எச்சரிக்கையும் வேண்டும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் உணவைக் குறைக்கவோ விரதமிருக்கவோ கூடாது; சீனி மிகவும் இறங்கிவிடும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் உடனே நின்று வைத்தியசாலைக்குப் போங்கள். காரணமின்றி நிறை குறைந்தாலும், வயிறு மட்டும் விரைவாக வீங்கினாலும் அதைப் பருமன் என்று விட்டுவிடாதீர்கள்.

பயன் என்ன என்று வாலிபர்கள் கேட்கலாம். அமெரிக்காவிலே நீரிழிவின் வாசலில் நின்ற 3,234 பேரைச் சேர்த்து நடத்தி 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நிறையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைப்பதையும் கிழமைக்கு 150 நிமிட நடையையும் இலக்காகக் கொண்டவர்களுக்கு நீரிழிவு தோன்றுவது நூற்றுக்கு 58 வீதம் குறைந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கோ 31 வீதமே குறைந்தது. எம்மையொத்த உடம்புள்ள சென்னை மக்களிடையே நடத்திய ஆய்வு 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. அங்கும் உணவையும் நடையையும் திருத்தியதால் நூற்றுக்கு 28 அளவிற் குறைந்தது, அதுவும் நிறை பெரிதாக இறங்காமலே.

எம் கணக்கையும் ஒளிக்காமற் சொல்லிவிடுகின்றோம். 39இலிருந்து 35க்கு வரப் பதினாறு மாதம் பிடித்தது. நடுவிலே தைப்பொங்கலும் சித்திரைப் புதுவருடமும் ஓர் அங்குலத்தைத் திருப்பித் தந்தன, மீண்டும் இறக்கினோம். வெறுவயிற்றுச் சீனி 98 ஆயிற்று. மெதுவென்று எண்ணுவீர்கள். ஏறிய கணக்கைப் பாருங்கள்: 21 வருடத்தில் ஒன்பது அங்குலம், மாதத்துக்கு ஒரு நெல்மணியின் தடிப்புக்கூட இல்லை. நெல் நெல்லாய் வந்தது நெல் நெல்லாய்த்தான் போகும்.

வாலிப நண்பர்களே, உங்களில் இருபத்தெட்டு வயதுடையவர் இருப்பீர்கள். உங்கள் கொப்பியின் முதல் வரி இன்றுதான் எழுதப்படுகின்றது. நாலு அங்குலத்தை இறக்குவதிலும் ஏறவிடாமற் காப்பது இலகு. பெரியோர்களே, உங்களுக்கும் காலம் கடக்கவில்லை. ஐம்பதிலும் அறுபதிலும் தசை பயிற்சிக்கு இணங்கும்.

நிர்வாக சபைக்கு இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று, எமது கூட்டங்களிற் பணிசும் இனிப்புத் தேநீரும் கொடுப்பதை விட்டு, அவித்த கடலையும் சீனி வேறாக வைத்த தேநீரும் கொடுங்கள். மற்றது, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இம்மண்டப வாசலிலிருந்து சேர்ந்து நடப்போம். மகனும் தகப்பனும், அண்ணனும் தம்பியுமாக. தனியே நடப்பவர் மழைக்கு நின்றுவிடுவார். கூடி நடப்பவர் குடை கொண்டு வருவார்.

எம் தமையனாரைப் பகிடி பண்ணாமல், "அண்ணை, வாருங்கோ, ஒருக்கால் நடந்துபோட்டு வருவம்" என்று ஒரு நாளாவது நாம் அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அவரை அழையுங்கள்.